தகடு முதலில், எஞ்சின் கடைசியில்: பழைய தோட்ட டிராக்டர் தேடி ஹாரிகானிலிருந்து ஒஹாயோ ஆற்றங்கரை வரை

முதல் நாள்: ஹாரிகான்

விஸ்கான்சின் மாநிலத்தின் ஹாரிகானுக்கு வாத்துக் கூட்டம் பார்க்க வருகிறவர்களே அதிகம். ஊரை ஒட்டிக் கிடக்கும் சதுப்பு நிலத்தில் இலையுதிர் காலத்தில் கனடா வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் பனி வாரவும் ஓட்டும் சிறு வண்டியான தோட்ட டிராக்டரில் பழையவற்றைச் சேகரிப்பவர்களுக்கு இந்த ஊர் வேறு கணக்கு. ஜான் டியர் 110 என்ற மாடல் 1963இல் இங்குள்ள ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. 7 குதிரைசக்தி கோலர் கே161 எஞ்சின், மூன்று கியர், இடையில் வேரியேட்டர் எனப்படும் பெல்ட் மாற்றி.

வண்டி பார்க்கப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: சிறிய காந்தம், டார்ச், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், சார்ஜ் ஏற்றிய 12 வோல்ட் பேட்டரி, தடிமனான கேபிள், பிளக் ஸ்பேனர், சின்ன ஜாக், ஆயில் மாதிரி பிடிக்கக் கண்ணாடிக் குப்பி, அரை லிட்டர் புதுப் பெட்ரோல். காந்தம்தான் முதலில் வெளியே வரும். பெரும்பாலோர் கொட்டகைக்குள் நுழைந்ததும் "ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். சேகரிப்புக்கு வாங்குகிறவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. கோலர் கே வரிசை எஞ்சின்கள் லட்சக்கணக்கில் ஓடியவை. பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. நெளியாத அசல் பானட்டும் துருப்பிடிக்காத ஃபெண்டரும் அப்படிக் கிடைப்பதில்லை.

இன்று பார்த்தது வட்ட ஃபெண்டர் 110. 1963 முதல் 1967 வரை வந்தவற்றில் ஃபெண்டர் உருண்டிருக்கும், 1968இலிருந்து சதுரம். காந்தத்தை ஃபெண்டரின் வளைவில் மெதுவாக இழுத்துப் போனால் தகடு உள்ள இடமெல்லாம் ஒட்டும். இடது ஃபெண்டரின் பின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் வழுக்கிக்கொண்டே போனது. உள்ளே பட்டி. மேலே பெயிண்ட் பளபளப்பு, அடியில் கையை விட்டால் வெல்டிங் மேடு. அங்கே தகடு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பனி வாரப் பயன்படுத்திய வண்டிகளில் இது சகஜம். சாலையிலும் நடைபாதையிலும் தூவிய உப்பு ஃபெண்டர் அடியிலும் கால் மிதியிலும் படிந்து, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதிதான் மிச்சம்.

வேரியேட்டரை எஞ்சின் ஓடாமலே பார்க்கலாம். ஒரே தண்டில் இரண்டு பெல்ட் பள்ளம். நடுத்தட்டு இருபுறமும் நகர்ந்து, ஒரு பள்ளம் குறுகும்போது மற்றது விரியும். அதனால்தான் ஓடும்போதே வேகம் மாறுகிறது. அந்த நடுத்தட்டு துருவால் தண்டில் பிடித்துக்கொண்டால் லீவரை எங்கே தள்ளினாலும் வண்டி ஒரே வேகத்தில்தான் போகும். பெல்ட் தளர்ந்த நிலையில் தட்டை விரலால் நகர்த்திப் பாருங்கள், தடையில்லாமல் நகர வேண்டும். அதைத் தாங்கும் கையின் புஷ் (தண்டு அமரும் உள்வளையம்) தேய்ந்திருந்தால் மொத்த அமைப்பும் சாய்ந்து பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். பெல்ட் ஓரம் நூல் பிரிந்திருந்தால் புதுப் பெல்ட் போட்டும் பயனில்லை, புஷ்ஷைத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று: நீளம் சரியாக இருந்து அகலம் சற்றே குறைந்த மலிவுப் பெல்ட் போட்டால் அது பள்ளத்தில் ஆழமாக இறங்கிவிடும், வேக அளவே மாறிவிடும்.

ஜான் டியரில் போலி அதிகம் நடப்பது பேட்டியோ வகையில். 1969 முதல் 1971 வரை உடம்பு வெள்ளையாகவும் பானட்டும் இருக்கையும் சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று நான்கு நிறங்களில் ஒன்றாகவும் கொடுத்தார்கள். குறைவாக விற்றதால் இன்று மவுசு. சாதாரணப் பச்சை வண்டிக்கு வெள்ளை அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரித் தட்டின் அடிப்பகுதி, டேஷ்போர்டின் உள்பக்கம், போல்ட் தலை மறைக்கும் வட்டம் ஆகிய இடங்களில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைக்கு அடியில் பச்சை வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பட்டி அடித்த 110ஐ விட்டாயிற்று. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது.

இரண்டாம் நாள்: போர்ட் வாஷிங்டன்

மிச்சிகன் ஏரிக்கரைச் சிற்றூர். சிறிய துறைமுகம், பழைய கலங்கரை விளக்கம். போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்ற இரண்டு டிராக்டர் கம்பெனிகளும் இந்த ஒரே ஊரில் இருந்தவை என்பது வெளியாட்களுக்கு நம்ப முடியாத செய்தி.

போலன்ஸின் குழாய்ச் சட்ட வண்டிகள் கட்டுமானத்தில் முரட்டுத்தனமானவை. சட்டம் உடைந்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்லுமளவுக்கு. ஆனால் 1050, 1220 போன்றவற்றில் இருப்பது விஸ்கான்சின் என்ற கம்பெனியின் எஞ்சின். கோலருக்குக் கிடைப்பதுபோல உதிரி எளிதாகக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூடுதல். எஞ்சினைக் கடைசியில் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு: விஸ்கான்சின் எஞ்சின் வண்டியில் எஞ்சினையும் முதல் வரிசையிலேயே பார்க்க வேண்டும்.

சிம்ப்ளிசிட்டியில் ஒரே ஒரு இடம் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைத் திருப்பி கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பெவல் கியர் பெட்டி. அதன் சீல் கசிந்து உள்ளே எண்ணெய் வற்றினால் பல் சக்கரங்கள் சூடேறி நொறுங்கும். அந்தப் பல் சக்கரங்கள் தனியே கிடைப்பது அரிது. இன்னொரு வண்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா, தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கிறதா, நிரப்பும் பிளக்கைத் திறந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால்கூட நல்லதுதான், உள்ளே ஏதோ மிச்சமிருக்கிறது. காய்ந்து தூசி படிந்த பழைய கசிவுத் தடம்தான் ஆபத்து. அல்லிஸ்-சால்மர்ஸ் பெயரில் வந்த பி-10 போன்றவையும் சிம்ப்ளிசிட்டி செய்தவையே. பெயரைப் பார்த்து வேறு வண்டி என்று நினைக்க வேண்டாம், இதே சோதனைதான்.

மூன்றாம் நாள்: சவுத் பெண்ட்

மில்வாக்கி, சிகாகோ வழியாக ஏரியின் தென்முனையைச் சுற்றி இந்தியானாவுக்குள் நுழைந்தால் சுமார் 200 மைல். சவுத் பெண்ட் வீல் ஹார்ஸின் ஊர். எல்மர் பாண்டும் மகன் செசில் பாண்டும் 1946இல் தொடங்கிய கம்பெனி. 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது, 1986இல் டோரோ வாங்கியது. டோரோ பழைய வீல் ஹார்ஸ் கையேடுகளை இன்றும் கொடுப்பதால் மாடல் எண் கையில் இருந்தால் உதிரி எண் தேடுவது எளிது. கையேடு இல்லாத வண்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பார்த்தது சி-120. கோலர் கே301, 12 குதிரைசக்தி, எட்டு ஸ்பீடு. வீல் ஹார்ஸின் பலவீனம் பின் சக்கர ஹப், அதாவது சக்கரத்தை அச்சில் பூட்டும் நடுப்பகுதி. அச்சில் அரைவட்டச் சாவி ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கும் செட் ஸ்க்ரூ ஒன்று. ஸ்க்ரூ தளர்ந்தும் கவனிக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் ஹப் ஒரு மயிரிழை திரும்பும். சாவிப் பள்ளம் விரியும், சாவி நசுங்கும், கடைசியில் அச்சே வீணாகும். சோதிப்பது சுலபம். பின்பக்கம் ஜாக் வைத்துத் தூக்கி, கியரில் போட்டு, டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண் அச்சின் முனையில் இருக்கட்டும். டயரோடு அச்சும் சேர்ந்து திரும்பினால் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இயல்பான இடைவெளி. டயர் திரும்பி அச்சு நின்றால் ஹப் போயிற்று.

இந்த வண்டியில் அச்சு முனை சுத்தியல் பட்டுக் காளான்போல விரிந்திருந்தது. யாரோ ஹப்பைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். அடி நேராக உள்ளே டிஃபரன்ஷியலில் அச்சைப் பிடித்திருக்கும் வளையத்துக்குப் போகும். இதைக் கழற்ற ஒரே வழி, சக்கரப் போல்ட் துளைகளில் பூட்டி ஹப்பை வெளியே இழுக்கும் கனத்த புல்லர். செட் ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை அந்த ஓட்டை வழியாகவே விட்டு, புல்லரை இறுக்கி ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் கால் திருப்பு. இன்னும் வரவில்லை என்றால் ஹப்பை மட்டும் சூடாக்கலாம். அவசரப்பட்டால் ஹப்பின் விளிம்பு விரிசல் விடும்.

பின் டயருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பிடிமானத்துக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவது வழக்கம். ட்யூப் ஓட்டையானால் அந்த உப்பு ரிம்மை உள்ளிருந்து அரிக்கும். வால்வு தண்டைச் சுற்றி வெள்ளைப் படிவம் தெரிந்தால் ரிம்மையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான்காம் நாள்: தெற்கு இந்தியானா

இண்டியானாபொலிஸைத் தாண்டித் தெற்கே, ஒஹாயோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பண்ணை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியின் லூயிவில். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் முதலில் ஃபார்மால் கப் டிராக்டரையும் 1960இலிருந்து கப் கேடட்டையும் செய்த ஊர். பண்ணைக் கொட்டகையில் இருந்தது கப் கேடட் 122: குறுஞ்சட்டம், கே301 எஞ்சின், கியர் வண்டி. கூடவே அடியில் தொங்கும் புல் வெட்டும் டெக், முன்னால் மாட்டும் பனித் தகடு, பிரின்லி கம்பெனியின் ஒற்றைக் கொழுக் கலப்பை.

தகடு முதலில். பானட் முன்பக்கம் சாயும் வகை, கீலில் விரிசல் இல்லை. ஃபெண்டர் முழுக்கக் காந்தம் ஒட்டியது. மஞ்சள் பெயிண்ட் வெளிறியிருந்தாலும் அசல். மேலே புதிதாக அடிக்காத வண்டிக்கு எப்போதும் முன்னுரிமை கொடுக்க வேண்டும். பழைய பெயிண்ட் எதையும் மறைக்காது.

அடுத்தது முன் அச்சு. முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஸ்பிண்டில் புஷ்ஷின் தேய்மானம் தெரியும். அச்சின் நடுப்பகுதியைத் தள்ளினால் நடு ஊசித் துளை முட்டை வடிவமாகிவிட்டதா என்று தெரியும். இதில் நடுத்துளையில் கொஞ்சம் ஆட்டம். துளையைப் பெரிதாக்கி புஷ் அடித்தால் தீரும், லேத் வேலை. ஸ்டீயரிங் சக்கரத்தில் கால் சுற்று வரை ஆட்டம் இருந்தது. அதில் எவ்வளவு பெட்டியில், எவ்வளவு பந்து முனைகளில் என்று பிரித்துப் பார்க்க, ஒருவர் சக்கரத்தைத் திருப்ப இன்னொருவர் பெட்டியிலிருந்து வரும் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை உடனே அசைந்தால் பெட்டி நல்லது, பந்து முனைகள்தான் தேய்ந்திருக்கின்றன.

இந்த 122இல் எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே பெல்ட் இல்லை. எஞ்சின் பின்னால் கிளட்ச், அங்கிருந்து தண்டு, தண்டிலிருந்து பின் பெட்டி. தண்டின் இணைப்புகளில் சுருள் பின்கள். அவை தளர்ந்தால் துளைகள் நீள்வட்டமாகும், கிளட்ச் விடும்போது 'டக்' என்று அடிக்கும். எஞ்சின் நின்றிருக்க, அடியில் கையை விட்டுத் தண்டை இருபக்கமும் திருப்பினாலே ஆட்டம் கைக்குத் தெரியும். ஃபிளைவீலில் பூட்டியிருக்கும், மூன்று பின்கள் (ஊசிகள்) கொண்ட தட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கிளட்ச் தகடுகள் அந்தப் பின்களில் வழுக்க வேண்டும். பின்களில் பள்ளம் விழுந்திருந்தால் தகடு மாட்டிக்கொண்டு கிளட்ச் விடுபடாது, கியர் போடும்போது கறகறக்கும். புதுத் தகடு மட்டும் போட்டால் சில மாதங்களில் அதே நிலை. இங்கே பின்களில் நகம் மாட்டும் அளவு பள்ளம். கிளட்ச் முழுதும் மாற்ற வேண்டியது என்று குறித்தாயிற்று.

பின் பெட்டியில் பார்க்க வேண்டியது தண்ணீர். கியர் லீவரின் ரப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். குளிரில் அடியில் தங்கிய நீர் உறைந்து வார்ப்பிரும்புப் பெட்டியே விரிசல் விட்ட வண்டிகள் உண்டு. பின் மூடியின் லெவல் பிளக்கைத் திறந்து குப்பியில் கொஞ்சம் பிடித்தோம். பால்போல வெளுத்திருந்தது. ஹார்வெஸ்டரின் ஹை-டிரான் எண்ணெய் தண்ணீரைத் தன்னுள் கலந்து பிடித்துக்கொள்ளும், அதனால் வெளுப்பு மட்டுமே வண்டியை ஒதுக்கக் காரணம் ஆகாது. பெட்டியின் அடிப்பக்கம் முழுவதையும் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரிசல் தேட வேண்டும். இல்லை. மூடியைக் கழற்றிக் கழுவி, புது எண்ணெய், புது ரப்பர் உறை. அவ்வளவுதான்.

இப்போது எஞ்சின். முதலில் தகட்டில் உள்ள ஸ்பெசிஃபிகேஷன் எண். கே301க்கு 47, கே241க்கு 46, கே321க்கு 60, கே341க்கு 71 என்று எண் தொடங்கும். கே301 என்று சொல்லி விற்கும் வண்டியில் 46 இருந்தால் எஞ்சின் மாறியிருக்கிறது. இதில் 47.

சைலன்ஸரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடலாம். இந்த எஞ்சின் பல வருடம் ஓடாதது, கையால் சுற்றினால் சுற்றியது. கம்ப்ரஷன் கேஜ் இங்கே உதவாது. ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிவிடும் அமைப்பு இருப்பதால் நல்ல எஞ்சினிலும் குறைவாகவே காட்டும். ஃபிளைவீலைத் தலைகீழ்த் திசையில், அதாவது ஃபிளைவீல் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், வேகமாகத் திருப்புங்கள். கையைத் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளியது.

கே வரிசையில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள கரண்டி எண்ணெயை வாரியடிப்பதுதான் மொத்த உயவும். ஆயில் கொஞ்சம் குறைந்தாலும் ராடு பிடித்து முறிந்து பிளாக்கைக் குத்திவிடும். அதனால் பிளாக்கின் பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வரக்கூடாது. எக்ஸாஸ்ட் குழாய் பிளாக்கிலேயே மரையில் ஏறும் வண்டிகளில், குழாயைப் பிடித்து ஆட்டினால் லொடலொடத்தால் மரை போய்விட்டது. கே241 முதல் மேலே உள்ள சிலவற்றில் அதிர்வு குறைக்கும் பேலன்ஸ் கியர் உண்டு. அதன் பேரிங் உடைந்தால் உள்ளே எல்லாவற்றையும் அரைத்துவிடும். எஞ்சினைப் பிரிக்கும்போது அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவது பலரின் வழக்கம், தவறில்லை.

பொறி வரவைக்கும் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.025. பாயிண்ட் முகத்தை நைசான எமரி தாளால் தேய்த்ததும் நீலப் பொறி வந்தது. அதற்குமேல் அங்கே ஸ்டார்ட் செய்ய முயலவில்லை. பழைய ஆயிலோடு, அடியில் கசடோடு ஓட்டிப் பார்ப்பதில் லாபம் எதுவும் கிடையாது.

ஐந்தாம் நாள்: ஏற்றுவது

122ஐ எடுத்தாயிற்று. டெக், பனித் தகடு, கலப்பை எல்லாம் இருந்தாலும் பட்டியல் போட வேண்டியது அவற்றைப் பூட்டும் சில்லறைச் சாமான்களை. டெக் தொங்கும் சட்டம், தூக்கும் கம்பி, ஐட்லர் புல்லி, பனித் தகட்டைத் திருப்பும் லீவர், கலப்பை மாட்டும் பின் கொக்கி. டெக் சுலபமாகக் கிடைக்கும். அதைத் தொங்கவிடும் சட்டம் மட்டும் தேடுகிறவர்கள் வருடக்கணக்கில் தேடுகிறார்கள். கொட்டகையின் மூலை, பரண், பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் உரிமையாளர் அனுமதியோடு கிளறுங்கள். தூக்கும் கம்பி பரணில்தான் இருந்தது.

தோட்ட டிராக்டருக்குப் பொதுவாக வாகன உரிமைச் சான்று கிடையாது. விற்பனைச் சீட்டு எழுதி மாடல், சீரியல் எண், சாமான் பட்டியல், தேதி, இருவர் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சீரியல் எண்ணை வாயால் கேட்டு எழுதாதீர்கள், தகட்டைப் பார்த்து எழுதி ஒரு படமும் எடுங்கள்.

டயர்களில் முதலில் காற்று. பெட்ரோல் குழாயை அடைத்து டேங்கை வடித்து, பேட்டரி கேபிளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு வின்ச்சால் இழுக்க வேண்டும். இது கியர் வண்டி, எளிது. கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியாக இருந்தால் விடுவிப்பு வால்வை அழுத்தி வைக்காமல் இழுத்தால் பின் சக்கரம் தேய்ந்துகொண்டே வரும், பம்புக்கும் கேடு. வண்டியின் எடை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கினால் டிரெய்லர் வால் ஆடாது. நான்கு மூலைக்கும் தனித்தனி ராட்செட் பெல்ட். பூட்டும் இடம் முன் அச்சும் பின் சட்டமும்தான். டெக்கிலோ ஸ்டீயரிங்கிலோ மாட்டக்கூடாது. பானட் முன்னால் கீல் உள்ளது, எனவே வண்டி முகம் பயணத் திசையில். திருப்பி ஏற்றினால் காற்று பானட்டின் திறக்கும் விளிம்பில் புகுந்து பிய்த்துவிடும். எப்படி ஏற்றினாலும் பானட் மேல் ஒரு மெல்லிய பெல்ட், அடியில் துணி. கலப்பையைக் கழற்றித் தனியாகக் கட்டுங்கள். முதல் பத்து மைலில் நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். டயர் அமுங்கி உட்கார்ந்ததும் கட்டாயம் தளரும்.

இறக்கிய பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு முன் வேலை வரிசை இது. கிராங்க் கேஸ் வடித்து அடித்தட்டைக் கழற்றிக் கசடைத் துடைத்து, புதுக் கேஸ்கட் போட்டு, எஸ்ஏஇ 30 ஆயில் சுமார் 1.9 லிட்டர், டிப்ஸ்டிக் குறி வரை. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சில சுற்று. ஹெட்டைச் சுற்றியுள்ள தகட்டு உறையைக் கழற்றி எலிக்கூட்டை எடுக்க வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின், துடுப்புகள் அடைத்தால் சூடேறி வீணாகிவிடும். செல்ஃபும் டைனமோவும் ஒன்றாக இருக்கும் வண்டி இது. ரெகுலேட்டர் மாற்றினாலோ பேட்டரி நெடுநாள் கழன்றிருந்தாலோ, பெல்ட் போட்டு ஓட்டும் முன் ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் கண நேரம் தொட்டு எடுக்க வேண்டும், சின்னப் பொறி வரும். இதைச் செய்யாவிட்டால் சார்ஜ் எதிர்த்திசையில் போய் ரெகுலேட்டரின் காண்டாக்ட் கருகும். எஞ்சின் ஓடத் தொடங்கி வேகம் ஏற்றியதும் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 14 வோல்ட் அருகில் காட்டினால் சார்ஜிங் சரி. அதற்குப் பிறகுதான் கிளட்ச்சைப் பிரிக்க வேண்டும்.